குடும்பக் காரில் கடைச் சரக்கு: செடான் கார்களில் நாமே வரவழைத்துக் கொள்ளும் கோளாறுகள்

மருங்காபுரி, துவரங்குறிச்சி, மணப்பாறை வட்டாரத்து மளிகைக் கடைக்காரர்களில் பலரிடம் இன்று சொந்தக் கார் இருக்கிறது. அதிலும் பின்னால் டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும், ஐந்து பேர் உட்காரும் நடுத்தரக் கார்தான், அதாவது செடான் வகைதான் நம்மவர்களுக்குப் பிடித்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. பின் சீட் குடும்பத்துக்கு, டிக்கி கடைக்கு. அம்மாவைத் திருவரங்கம் கோவிலுக்கு அழைத்துப் போன மாதிரியும் ஆயிற்று, வரும் வழியில் காந்தி மார்க்கெட்டில் குறைச்சல் சரக்கை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரியும் ஆயிற்று.

மெக்கானிக் பட்டறையில் நம்மவர்கள் சொல்லும் குறைகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பின்பக்கம் இறங்கிவிட்டது, டயர் சீக்கிரம் தேய்கிறது, பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, ஏ.சி. குளிரவில்லை, வண்டிக்குள் வாடை அடிக்கிறது, திடீரென்று மஞ்சள் விளக்கு எரிகிறது. கம்பெனி சரியாகச் செய்யவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் இவற்றில் முக்கால் பங்கு, ஆள் ஏற்றச் செய்த வண்டியில் மூட்டை ஏற்றுவதால் வருபவை. எந்தக் கோளாறு எப்படி வருகிறது, வருமுன் என்ன அடையாளம் காட்டும் என்பதை விவரமாகப் பார்ப்போம்.

அம்பாசிடர் கொடுத்த பழக்கம்

நம்மில் வயதானவர்கள் அம்பாசிடரில் பழகியவர்கள். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி அது. 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. அதன் பின் அச்சில் இருந்தது லாரியைப் போல அடுக்குப் பட்டை ஸ்பிரிங். நாலு மூட்டை ஏற்றினால் முனகும், ஆனால் தாங்கும். அதன் கோளாறுகளும் வேறு. கிங்பின்னுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்க வேண்டும். கோடையில் பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிட்டால் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். அதையெல்லாம் கடைப்பையனே செய்துவிடுவான்.

இப்போது ஓடும் செடான்களின் அமைப்பு வேறு. டிசையர், சிட்டி, வெர்னா, எட்டியோஸ் எதை எடுத்தாலும் இழுவை முன் சக்கரத்தில். பின்னால் ஒரு முறுக்குத் தண்டும் இரண்டு சுருள் ஸ்பிரிங்கும்தான். பயணம் சுகமாக இருக்கும், எண்ணெய்ச் செலவு குறையும். ஆனால் அம்பாசிடரில் ஏற்றியதை இதிலும் ஏற்றலாம் என்ற கணக்கு செல்லாது.

மொத்த எடையும் சாக்குக் கழிவும்

எடைக் கணக்கு நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. மொத்த எடையில் சாக்கைக் கழித்தால் நிகர எடை. காருக்கும் அதே கணக்குதான். வண்டி தாங்கக்கூடிய மொத்த எடை கையேட்டில் இருக்கும். வெற்று எடை பதிவுச் சான்றில் இருக்கும். கழித்து வருவதுதான் நாம் ஏற்றலாம் என்று கம்பெனி அனுமதித்த அளவு. இந்த வகைக் கார்களில் அது பெரும்பாலும் 400 கிலோவை ஒட்டியே வரும். ஐந்து பேருக்கு ஆளுக்கு 65 கிலோ என்றால் 325 போய்விட்டது. மிச்சம் துணிப்பைக்குத்தான் சரி.

மூன்று பேர்தானே போகிறோம், 200 கிலோ மிச்சம் இருக்கிறதே, எட்டுச் சிப்பம் அரிசி போடலாமே என்று தோன்றும். இங்கேதான் தராசு குறுக்கே வருகிறது. டிக்கி இருப்பது பின் சக்கரத்துக்கும் பின்னால். பின் அச்சைத் தராசின் நடுமுள்ளாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அழுத்தினால் முன்னால் தூக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர், சுமை பின் அச்சிலிருந்து முக்கால் மீட்டர் பின்னால் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 200 கிலோ சுமைக்குப் பின் அச்சில் கூடுவது 260 கிலோ. முன் அச்சில் 60 கிலோ குறைகிறது. மொத்த எடை அனுமதிக்குள் இருந்தாலும் பின் டயர் ஒவ்வொன்றும் 130 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கிறது.

முன்பக்கம் இலேசானால் ஸ்டியரிங் மிருதுவாகத் திரும்பும். வண்டி நன்றாக ஓடுகிறது என்று அதை நினைத்து ஏமாறுவோரும் உண்டு. பிரேக்கின் பெரும்பங்கை முன் சக்கரம்தான் செய்கிறது; அதன் பிடிமானம் குறைந்துவிட்டது என்பதுதான் அந்த மிருதுவின் பொருள். இரவில் ஹெட்லைட் வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சிறு திருகு ஒன்று இருக்கும். சுமைக்கு ஏற்றபடி வெளிச்சத்தைத் தாழ்த்துவதற்காக வைத்தது அது. எண் கூடக்கூட வெளிச்சம் இறங்கும்.

கட்டாயம் ஏற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கனமான சரக்கைப் பின் சீட்டில் யாரும் உட்காராதபோது சீட்டுக்கு முன்னால், கால் வைக்கும் பள்ளத்தில் வையுங்கள். அது இரண்டு அச்சுக்கும் நடுவே, தாழ்வாக இருக்கும். டிக்கியில் வைப்பதைச் சீட்டு முதுகோடு ஒட்டி வையுங்கள். எண்ணெய் டின் உருளாதபடி அண்டை கொடுக்க வேண்டும். சீட்டின் மேல் அடுக்கக் கூடாது. திடீர் பிரேக்கில் அந்த மூட்டை ஓட்டுபவரின் முதுகைத்தான் தேடி வரும்.

டயர் வெடித்த கதை

இதை எழுதும் நானும் மேற்சொன்ன எட்டுச் சிப்பக் கணக்கைப் போட்டவன்தான். ஒரு சித்திரை மாதத்தில், பகல் பன்னிரண்டு மணிக்குமேல், திருச்சியிலிருந்து விராலிமலை தாண்டி வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் அம்மாவும் மனைவியும். டிக்கியில் எட்டுச் சிப்பம். பின்பக்க இடது டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நடுத்திட்டை நோக்கிப் போயிற்று. பின்னால் லாரி எதுவும் நெருக்கி வரவில்லை. அதனால் இதை எழுத முடிகிறது.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் பஞ்சர் கடைப் பையன், "அண்ணே, சைடுல வெடிப்பு விழுந்திருக்கு, இந்த ஒண்ண மட்டுமாவது மாத்திடுங்க" என்று சொல்லியிருந்தான். "பட்டன் நல்லாத்தானப்பா இருக்கு" என்று நான் வந்துவிட்டேன். பட்டன் நன்றாகத்தான் இருந்தது. டயருக்கு ஏழு வயது என்பதை நான் பார்க்கவில்லை.

டயரின் வயதை அதன் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கிறார்கள். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஐந்து ஆண்டு கடந்த டயரை வருஷத்துக்கு ஒருமுறையாவது கழற்றி உட்புறமும் பார்க்கச் சொல்ல வேண்டும். பக்கவாட்டில் முடிபோல் வெடிப்பு விழுந்திருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் அது செல்லாத டயர்தான். பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்டால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் வைத்திருப்பார்கள்; தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டால் அந்த அளவு வந்துவிட்டது என்று அறியலாம்.

அளவைக் குறிக்கும் எண்ணுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் டயர் தாங்கும் எடை. 82 என்றால் 475 கிலோ, 84 என்றால் 500 கிலோ, 88 என்றால் 560 கிலோ. அதுவும் காற்று சரியாக இருந்தால்தான். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி நிமிரும். அந்த மடிப்பில் சூடு ஏறும். மேலே வெயில், கீழே கொதிக்கும் சாலை, உள்ளே இந்தச் சூடு, பின்னால் சுமை. நாலும் சேரும்போதுதான் வெடிக்கிறது. டயர் வெடிக்கும் செய்திகள் கோடையில் அதிகம் வருவதற்கு இதுவே காரணம்.

எத்தனை பவுண்டு காற்று என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் இருக்கும். இரண்டு பேருக்கு ஓர் அளவும், முழுச் சுமைக்கு வேறோர் அளவும் போட்டிருப்பார்கள். நம்மவர்கள் எப்போதும் முதல் அளவையே பிடிக்கிறோம். சரக்கு எடுக்கப் போகும் அன்று பின் டயருக்கு இரண்டாவது அளவைப் பிடியுங்கள். காலையில் வண்டி கிளம்புமுன், டயர் ஆறியிருக்கும்போது பிடிக்க வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய டயரில் மூன்று நான்கு பவுண்டு கூடுதலாகத்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. நைட்ரஜன் காற்று பிடிக்கச் சொல்லிக் காசு கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அந்தக் காசுக்கு ஒரு காற்றுமானி வாங்கி வண்டியில் போட்டுக்கொள்வது மேல் என்பது என் கட்சி.

ஓட்டத்தில் டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைந்த பிறகே ஓரம் கட்ட வேண்டும். எனக்கு அன்று அது தெரியாது. ஓரம் நின்ற பிறகு இன்னொரு பாடம் காத்திருந்தது. ஸ்டெப்னி இருப்பது டிக்கியின் தரைக்கு அடியில். எட்டுச் சிப்பத்தையும் நான்குவழிச் சாலையின் ஓரத்தில் வெயிலில் இறக்கி வைத்த பிறகுதான் ஸ்டெப்னியைத் தொட முடிந்தது. அதில் பேருக்குத்தான் காற்று இருந்தது. அம்மா ஒன்றரை மணி நேரம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

பிரேக்கும் மலையிறக்கமும்

பிரேக் பிடிக்கும்போது கிரீச்சென்று மெல்லிய சத்தம் வந்தால் முன் சக்கரத்தின் பேடு தேய்ந்துவிட்டது என்று பொருள். சத்தம் எழுப்புவதற்கென்றே பல பேடுகளில் ஒரு தகடு வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டும் மாற்றாமல் ஓட்டினால் வட்டுத் தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும், செலவு பல மடங்கு. மிதித்தால் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பிரேக் ஆயில் பழசாகிவிட்டது. பிரேக் ஆயில் உப்பைப்போல் ஈரத்தை இழுக்கும் குணமுடையது. ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால் மிதி தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. குறையாமல் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும்.

இது மலையில்தான் தெரியவரும். குடும்பத்தோடு கொல்லிமலை போய் வருகிறோம். 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் பாதி வழியில் கருகல் வாடை அடிக்கும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்று பஸ் ஓட்டுநர்கள் சொல்வதை அப்படியே பின்பற்றலாம். எண்ணெய் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குவதும், எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவதும் உயிரோடு விளையாடுவது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டர் இரண்டு மிதியோடு ஓய்ந்துவிடும்.

எஞ்சின் சூடு

நம் வட்டாரத்துப் போர்த் தண்ணீரில் வெந்நீர் போட்டால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் அதன் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதுவே படியும். கம்பெனி சொன்ன கூலண்ட்டைத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீர்தான் கிடைத்தது என்றால், ஊருக்கு வந்ததும் முழுவதையும் வடித்து மாற்றுவது நல்லது.

சூட்டு முள் ஏறினால் உடனே ஏ.சி.யை அணையுங்கள். வெயிலில் கொடுமைதான் என்றாலும் ஹீட்டரை முழுதாகத் திறந்து ஜன்னல்களை இறக்குங்கள். எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். மூடியை மட்டும் தொடக்கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் நூறு டிகிரிக்கு மேலும் அந்த நீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த கணத்தில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். இன்னும் பத்து கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஓட்டியவர்களின் எஞ்சின் தலை கோணிப்போய், ஆயிலில் கூலண்ட் கலந்து தேநீர் நிறத்தில் வந்ததைப் பட்டறைகளில் பார்க்கலாம். அந்தச் செலவில் ஒரு மாதச் சில்லறை லாபம் போய்விடும்.

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ளேயே இருக்கிறது, பெட்ரோலில் மூழ்கியிருப்பதால்தான் அது சூடாகாமல் ஓடுகிறது. எப்போதும் ரிசர்வில் ஓட்டும் பழக்கம் அதன் ஆயுளைக் குறைக்கும்.

எலி

மற்றக் கார்க்காரர்களுக்கு எப்போதாவது வரும் இந்தத் தொல்லை மளிகைக்காரர்களுக்கு வழக்கமாகவே வருகிறது. டிக்கியில் சிப்பம் ஏற்றினால் ஒரு கைப்பிடி அரிசியாவது சிந்தாமல் இருக்காது. துவரையோ கடலையோ மூலையில் போய்த் தங்கும். இரவில் வண்டியைக் குடோன் பக்கத்தில் நிறுத்துகிறோம். எஞ்சின் கதகதப்பாக இருக்கிறது, வண்டிக்குள்ளிருந்து தானிய வாசனை வருகிறது. எலிக்கு வேறென்ன வேண்டும்?

மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி இழுக்கவில்லை, காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வரும் புகார்களில் பானெட்டைத் திறந்தால் கடித்த ஒயர்தான் கிடக்கும். இன்றைய வண்டியில் ஒயர் ஒவ்வொன்றும் ஒரு சென்சாருக்குப் போகிறது. ஒன்று அறுந்தாலும் எஞ்சின் கணக்குத் தப்பிவிடும். சில சமயம் காற்று வடிகட்டிப் பெட்டிக்குள்ளேயே தேங்காய் நாரும் துணியும் கொண்டு கூடு கட்டியிருக்கும்.

சரக்கு இறக்கிய கையோடு டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னிப் பள்ளம் வரைக்கும் பெருக்க வேண்டும். இதைக் கடைப்பையனுக்குத் தினசரி வேலையாகவே சொல்லிவிடலாம். தார்ப்பாய் விரித்து அதன்மேல் மூட்டை வைத்தால் சிந்தியதை அப்படியே உதறிவிடலாம். குடோன் ஷட்டர் ஓரம் நிறுத்துவதை விட்டு, வெளிச்சமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் எடுக்காத வண்டியாக இருந்தால் கிளப்புமுன் பானெட்டைத் திறந்து பாருங்கள். புகையிலைக் காம்பை ஒயர்களுக்கு இடையே கட்டித் தொங்கவிடுகிறார்கள். வாசனை இருக்கும் நாள் வரைக்கும் பலன் இருக்கலாம். சுத்தம் இல்லாத வண்டிக்கு அதுவும் உதவாது. எலி பாஷாணத்தை மட்டும் எஞ்சின் பக்கம் வைக்க வேண்டாம். தின்ற எலி ஏ.சி. குழாய்க்குள் போய்ச் செத்தால் அந்த வாடை பல வாரம் போகாது.

குளிர்ச்சியும் வாடையும்

ஏ.சி. குளிரவில்லை என்றதும் "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்புங்கள்" என்கிறோம். கேஸ் எரிந்து தீரும் பொருளல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவது ஓட்டை டின்னில் எண்ணெய் ஊற்றுவதே.

பல வண்டிகளில் கேஸ் சரியாகவே இருக்கும். வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் அட்டைதான் அடைத்திருக்கும். டாஷ்போர்டின் இடது பக்கப் பெட்டிக்குப் பின்னால், பெரும்பாலான கார்களில் கையாலேயே உருவி எடுக்கும்படி இருக்கிறது. மிளகாய்த் தூளும் கோதுமை மாவும் ஏற்றும் நம் வண்டிகளில் அது எந்த நிறத்தில் வருகிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதைப் புதிதாக மாற்றினாலே காற்று இரட்டிப்பாக வருவதைப் பார்க்கலாம். அடுத்தது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர். புழுதியும் பூச்சியும் அதில் அப்பியிருந்தால் சூடு வெளியேறாது. வேகமாக அடிக்காமல், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவலாம்.

புளித்த வாடை வருவது உள்ளே குளிர்ந்த பாகத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிப்பதால். ஊர் சேர இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஏ.சி.யை அணைத்துவிட்டு வெறும் காற்றாடியை ஓட விட்டால் ஈரம் உலரும். பெருங்காயம், கருவாடு வாடைக்கு நான் கண்டவரை மருந்து கிடையாது. துணி சீட்டில் ஏறினால் ஏறியதுதான்.

முதுகு வலிக்குக் காரை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நாள் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்துவிட்டுத்தான் நாம் ஸ்டியரிங்கில் உட்காருகிறோம். சீட்டு முதுகைப் படுக்க வைக்காமல் சற்றே சாய்வாக நிமிர்த்துங்கள். கிளட்சை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். தலைச்சாய்வின் நடுப்பகுதி காது உயரத்துக்கு இருக்கட்டும். ரசீதும் நோட்டும் திணித்த பர்ஸைப் பின்பாக்கெட்டிலிருந்து எடுத்துவிட்டு உட்காருங்கள். இது ஒன்றிலேயே வலி பாதி குறைந்தவர்கள் உண்டு.

மூடிய காருக்குள்

கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு வியாபாரத்தில் இறங்கிவிடுகிறோம். பூட்டாத காருக்குள் குழந்தைகள் ஏறி விளையாடுகிறார்கள். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். வெயிலில் நிற்கும் மூடிய கார் சில நிமிடங்களிலேயே உலையாகிவிடும். சாவி எப்போதும் உங்கள் இடுப்பில், கார் எப்போதும் பூட்டில் இருக்கட்டும்.

மொத்தக் கொள்முதலுக்குப் போய், மார்க்கெட்டில் சரக்கு இறங்கும் வரை இரவில் காரிலேயே கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்குவது நம்மவர்களில் சிலருக்கு வழக்கம். புகைக்குழாயில் சிறு ஓட்டை இருந்தாலும், சுவர் ஓரமாகவோ மூடிய ஷெட்டிலோ நிறுத்தியிருந்தாலும், எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்துவிடும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குபவர் எழுந்திருக்கவே மாட்டார். தூங்க வேண்டுமானால் எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, கொசுவர்த்திச் சுருளை வண்டிக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சில சத்தங்கள்

வேகத்தடையில் கடகடவென்றால் ஷாக் அப்சர்பர் புஷ் அல்லது லிங்க் ராடு. வேகம் கூடக்கூட ஊவென்று ரீங்காரம் ஏறினால் சக்கர பேரிங். முழுதாகத் திருப்பும்போது முன்பக்கம் டக்டக்கென்றால் இழுவைத் தண்டின் மூட்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறி மண் புகுந்திருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் சக்கர பேலன்சிங், பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் வட்டுத் தட்டு.

வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடும் வண்டிக்குத் தனி நோய் ஒன்று உண்டு. ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் பேட்டரி இழந்ததைத் திரும்பப் பெறாது. டீசல் வண்டியாக, அதுவும் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பாரத் 6 வண்டியாக இருந்தால், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும். நீண்ட ஓட்டத்தில் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து சாம்பலாகும். அதற்கான விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யாமல் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டிவிட்டு வாருங்கள்.

இன்சூரன்ஸ் பத்திரத்தில் இருக்கும் வரி

நம்மில் எத்தனை பேர் இன்சூரன்ஸ் பத்திரத்தை முழுதாகப் படித்திருக்கிறோம்? தனியார் கார் பாலிசியில் வண்டியை எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்ற பகுதி ஒன்று உண்டு. வாடகைக்கு விடுவது, பந்தயம் ஓட்டுவது ஆகியவற்றோடு, மாதிரிப் பொருளும் சொந்த உடைமையும் தவிர்த்த சரக்கு ஏற்றுவதும் அதில் இருக்கிறது. டிக்கியில் விற்பனைக்கான அரிசியோடு விபத்தில் சிக்கினால், வண்டிச் சேதத்துக்கான தொகையை மறுக்கக் கம்பெனிக்கு அந்த வரி இடம் கொடுக்கிறது. வருஷா வருஷம் பிரீமியம் கட்டியிருந்தாலும் அப்படித்தான்.

ஜி.எஸ்.டி. கணக்கிலும் இதே வேறுபாடு. கடைப் பெயரில் கார் வாங்கினாலும் நம்மைப் போன்ற மளிகைக்காரர் அதற்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுக்க முடியாது. சரக்கு வண்டிக்கு எடுக்கலாம். 2005ல் வந்த டாட்டா ஏஸை நம் ஊரில் குட்டி யானை என்கிறோமே, அந்த வகை வண்டி முக்கால் டன் அளவுக்கு இழுக்கிறது. ஒரு கடைக்கு அது அதிகம்தான். டயர் வெடித்த அந்தக் கோடைக்குப் பிறகு எங்கள் தெருவில் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு குட்டி யானைக்காரரிடம் செவ்வாயும் வெள்ளியும் என்று பேசி வைத்துக்கொண்டோம். முதல் நாள் இரவே அவரவர் சீட்டைக் கொடுத்துவிடுவோம். வாடகையை மூட்டைக் கணக்கில் பிரித்துக்கொள்கிறோம். நான் தனியாகக் காரில் போய்வந்த பெட்ரோல் செலவைவிட என் பங்கு குறைவாகவே வருகிறது. காரின் டிக்கியில் இப்போது ஸ்டெப்னி, ஜாக்கி, காற்றுமானி, ஒரு கேன் தண்ணீர், அம்மாவுக்காக ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை.